பாடசாலை சாராக் கற்றல் தனித்துச் செய்யும் காரியம் அல்ல

பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பாமல், அதன் ஆர்வம் செல்லும் வழியிலேயே வீட்டிலும் ஊரிலும் கற்கவிடுவதைப் பற்றிப் பேச எங்களிடம் வருகின்ற பெற்றோர், பிள்ளையைப் பற்றிக் கேட்பது குறைவு. எழுத்து எப்படி வரும், கணக்கு எப்படி வரும் என்பவையெல்லாம் அடுத்த சந்திப்பில் எழுகின்ற கேள்விகள். முதல் சந்திப்பில் அவர்கள் தங்களைப் பற்றியே கேட்கிறார்கள். கலியாண வீட்டில் உறவினருக்கு என்ன பதில் சொல்வது, கிராம உத்தியோகத்தர் விசாரித்தால் எப்படி விளக்குவது, இந்தப் பிள்ளையின் எதிர்காலத்தை நாமே கெடுத்துவிடுகிறோமோ என்ற எண்ணம் நடுச்சாமத்தில் எழுந்தால் யாரிடம் பேசுவது என்று கேட்கிறார்கள். மட்டக்களப்பின் கல்லடியில் வாழும் எங்கள் குடும்பம் இந்த வழியில் இறங்கிய காலத்தில் எங்கள் மனத்தை அரித்த கேள்விகளும் இவையே. ஆகவே, பெற்றோரின் மனவுறுதி எங்கிருந்து வருகிறது, அது குலையாமல் நிற்க யாருடைய துணை வேண்டும் என்பதைப் பற்றி மட்டும் இங்கே எழுதுகிறேன்.

அன்ஸ்கூலிங் என்று இன்று உலகம் அழைக்கும் இந்த முறைக்குப் பெயர் கொடுத்தவர் அமெரிக்கரான ஜோன் ஹோல்ட். ஐந்தாம் வகுப்புக்குக் கற்பித்த ஆசிரியர் அவர். பாடசாலைகளை உள்ளிருந்தே திருத்திவிடலாம் என்று பல ஆண்டுகள் நம்பி எழுதியும் பேசியும் வந்தவர், அந்த நம்பிக்கை தளர்ந்த பின்னர், 1977 ஆம் ஆண்டில் இந்த வழியில் செல்லும் குடும்பங்களுக்கென்று சிறிய இதழ் ஒன்றைத் தொடங்கினார். அவருடைய கருத்துகளைப் பலரும் எடுத்துச் சொல்கிறார்கள். என்னை அதிகம் சிந்திக்க வைத்தது அந்த இதழில் இருந்த வேறொரு பகுதி. தங்களைப் பிறர் தொடர்புகொள்வதற்கு உடன்பட்ட குடும்பங்களின் பெயர் முகவரிப் பட்டியல் ஒன்றை அது வெளியிட்டு வந்தது. கோட்பாட்டை விளக்குவதோடு நின்றுவிடாமல், ஊருக்கு ஊர் ஒற்றைக் குடும்பமாகத் தவித்துக்கொண்டிருந்தவர்களை ஒருவரோடு ஒருவர் சேர்த்து வைப்பதும் தன் வேலை என்று ஹோல்ட் கருதியிருக்கிறார். அவர் 1985 இல் காலமான பின்னரும் அந்த இதழ் பல ஆண்டுகள் தொடர்ந்தது.

அந்தத் தேவை எத்துணை உண்மையானது என்பதைப் பின்னர் வந்த ஆய்வுகளும் காட்டின. உளவியலாளர் பீற்றர் கிறே, ஜீனா ரைலி என்ற ஆய்வாளருடன் சேர்ந்து 232 குடும்பங்களிடம் கேட்டறிந்து 2013 இல் வெளியிட்ட ஆய்வில், இந்த வழியில் பெற்றோர் எதிர்கொண்ட பெரிய சவால் எது என்ற கேள்விக்குப் பிள்ளையின் படிப்பைப் பதிலாகச் சொன்னவர்கள் முன்னணியில் இல்லை. உறவினர், அயலவர் ஆகியோரின் கண்டனமும், பாடசாலையில் வளர்ந்த தங்கள் மனத்திலேயே ஊறிக்கிடந்த பழைய எண்ணங்களுமே பெரிய சுமை என்று பலர் சொன்னார்கள். இவ்வாறு வளர்ந்து பெரியவர்களான 75 பேரிடமும் கிறேயும் ரைலியும் பின்னர் கேட்டறிந்தார்கள். அவர்களுள் பெரும்பான்மையோர் ஏதேனும் ஒரு வகை உயர்கல்விக்குச் சென்றிருந்தார்கள். பெரும்பாலானோர் தங்கள் வளர்ப்பைக் குறித்து மனநிறைவோடு இருந்தார்கள். மனக்கசப்போடு பதிலளித்த மூவரின் கதைகளில்தான் நமக்குரிய பாடம் இருக்கிறது. அந்த மூவரும் வெளியுறவு அற்ற வீடுகளில், மனநலம் குன்றிய தாயோடும் பிள்ளை வளர்ப்பில் பங்கெடுக்காத தந்தையோடும் வளர்ந்தவர்கள். தாமாக முன்வந்து பதில் சொன்னவர்களின் கூற்றுகளே இவை என்பதால், எல்லாக் குடும்பங்களுக்கும் இதைப் பொது விதியாக்க முடியாது. ஆனாலும், பாடசாலை இல்லாமையைக் காட்டிலும் மனிதர்கள் இல்லாமையே பிள்ளையைக் காயப்படுத்துகிறது என்று நான் நம்புவதற்கு இந்த மூவரின் வாழ்க்கையே காரணம்.

எங்கள் கிழக்கில் இதைப் பேசும்போது கூடுதலாக ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் எங்களைக் கண்டிக்கும் மூத்தோரை, மாற்றத்துக்கு அஞ்சுபவர்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. அந்நாளைய கல்வி அமைச்சர் கன்னங்கராவின் முயற்சியால் 1945 இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்விதான் வயலிலும் தோணியிலும் உழைத்த குடும்பங்களின் பிள்ளைகளை எழுதுவினைஞர்களாகவும் ஆசிரியர்களாகவும் வைத்தியர்களாகவும் ஆக்கியது. போர்க்காலத்தில் குப்பி லாம்பு வெளிச்சத்தில் படித்தவர்கள் எங்கள் பெற்றோர். இடம்பெயர்ந்தபோது அவர்கள் ஒதுங்கியதும் பாடசாலைக் கட்டடங்களில்தான். 2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடல் வந்து கரையோரப் பாடசாலைகளை அழித்த பின்னர், தற்காலிகக் கொட்டகைகளிலேனும் வகுப்பு நடக்க வேண்டும் என்று நின்றவர்களும் அவர்களே. அந்தத் தலைமுறையிடம் போய், "எங்கள் பிள்ளைக்குப் பாடசாலை தேவையில்லை" என்று சொல்லும்போது, அவர்கள் உயிரைக் கொடுத்துக் காப்பாற்றிய ஒன்றை நாம் வாசலில் எறிவது போல அவர்களுக்குத் தோன்றுகிறது. அந்த வலிக்கு வாதத்தால் பதில் சொல்ல முடியாது. பொறுமையாகக் கேட்பதற்கே முதலில் பழக வேண்டும். பாடசாலையை இழித்துப் பேசித் தன் முடிவை நியாயப்படுத்த வேண்டிய தேவை எந்தப் பெற்றோருக்கும் இல்லை என்பது என் உறுதியான கருத்து.

எங்கள் வீட்டிலேயே இரண்டு வழிகளும் இருக்கின்றன. மூத்தவளான மகள் வீட்டிலிருந்து கற்கிறாள். இளையவன் பாடசாலைக்குப் போக விரும்பினான், போகிறான். பிள்ளையின் விருப்பத்துக்கு மதிப்பளிப்பதுதான் இந்த முறையின் உயிர் என்றால், பாடசாலையை விரும்பும் பிள்ளையின் விருப்பத்துக்கும் அதே மதிப்பை அளிக்க வேண்டும். அவன் ஒன்றரை மணிக்கு வந்தபின் அவனுடைய மாலைப்பொழுது அவனுடையது. ரியூசன் இல்லை, தரம் 5 புலமைப்பரிசிலுக்கான விசேட வகுப்பும் இல்லை. இந்த வழியை நாடும் சில குடும்பங்கள் சேர்ந்து கூடுகின்ற எங்கள் கூட்டத்தில் இவ்வாறு பாடசாலையை வைத்துக்கொண்டு ரியூசனை மட்டும் கைவிட்ட குடும்பங்களும் இருக்கின்றன. அவர்களை அரைகுறை என்று நாங்கள் நினைப்பதில்லை. உண்மையில், புதிதாக வருகின்ற பலருக்கும் இந்தப் படியில் நின்று பார்ப்பதே நல்லது என்று சொல்கிறேன்.

ஏனெனில் சட்டத்தை முதலில் பார்க்க வேண்டும். இலங்கையில் 5 வயது முதல் 14 வயது வரை என்று 1997 ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகளால் விதிக்கப்பட்டிருந்த கட்டாயக் கல்வி, 2016 இல் 16 வயது வரை உயர்த்தப்பட்டது. வேலைக்கு அமர்த்தக்கூடிய குறைந்தபட்ச வயதும் 2021 இல் 16 ஆக்கப்பட்டது. இந்தச் சட்டங்களை எரிச்சலோடு பார்ப்பவர்களோடு நான் உடன்படவில்லை. பாடசாலையிலிருந்து இடைவிலகி மேசன் வேலைக்கும் கடை வேலைக்கும் போகின்ற பிள்ளைகளையும், தாய் வெளிநாட்டில் உழைக்கத் தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொண்டு வீட்டோடு நின்றுவிடும் பெண்பிள்ளைகளையும் எங்கள் மாவட்டங்கள் அறியும். அவர்களைக் காப்பதற்கே இந்த விதிகள் இருக்கின்றன. நாங்கள் எங்கள் மகள் விடயத்தில் சட்டத்தரணி ஒருவரின் ஆலோசனையை எழுத்தில் பெற்று, வலயக் கல்வி அலுவலகத்துக்கும் எங்கள் ஏற்பாடுகளை எழுத்தில் தெரிவித்த பின்னரே அடியெடுத்து வைத்தோம். ஒவ்வொரு குடும்பத்தின் நிலையும் வேறு என்பதால் எங்கள் கடிதத்தைப் பிறருக்குப் பிரதி எடுத்துக் கொடுப்பதில்லை. தாமே சென்று பேசும்படி சொல்கிறோம். அலுவலகத்துக்கு அஞ்சி ஒளிந்து வாழும் பெற்றோரின் பயம் பிள்ளைக்கும் தொற்றிவிடுகிறது. அப்படி வாழ்வதைவிடப் பாடசாலைக்கு அனுப்பிவிட்டு மாலையைச் சுதந்திரமாக வைத்திருப்பது எவ்வளவோ மேல்.

இனி மனத்தின் உள்ளே இருக்கும் தடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கொரோனாவால் 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோதும், எரிபொருள் இல்லாமல் 2022 நடுப்பகுதியில் மீண்டும் மூடப்பட்டபோதும், பெற்றோர் பலர் முதன்முறையாகத் தம் பிள்ளையை நாள் முழுவதும் அருகிலிருந்து பார்த்தார்கள். பார்த்தும், கொப்பியில் எழுத்து இல்லாத நாளைக் கற்றல் இல்லாத நாளாகவே எண்ணினார்கள். பாடம், பாடவேளை, பரீட்சை என்ற மூன்று கட்டங்களுக்குள் விழாத எதையும் கல்வியாகக் காண நம் கண் பழகவில்லை. பாடசாலையை விட்டு வந்த பிள்ளை தன் ஆர்வத்தை மீட்டுக்கொள்வதற்குச் சில மாதங்கள் எடுப்பது பரவலாகப் பேசப்படுகிறது. ஆனால், பெற்றோரின் கண் பழகுவதற்கே அதைவிட நீண்ட காலம் எடுக்கிறது.

எங்கள் கண்ணைத் திறந்தது வாவிதான். ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுள்ள மட்டக்களப்பு வாவி கடலோடு சேரும் இடங்களில் ஒன்று பாலமீன்மடுவுக்கு அருகிலுள்ள முகத்துவாரம். மழையில்லாத மாதங்களில் கடல் கொண்டுவந்து குவிக்கும் மணலால் அந்த வாய் அடைபட்டுவிடும். வடகீழ்ப் பருவமழை பெய்து வாவி பெருகி, வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையின் வயல்களில் வெள்ளம் ஏறும்போது அந்த மணல்மேட்டை வெட்டிவிடுவார்கள். அங்கே போய் வந்த ஒரு நாளில் மகள் கேட்டாள், "வெட்டச் சொல்றது ஆரு?" எங்களுக்கு விடை தெரியவில்லை. வயல் செய்யும் என் மாமாவிடம் கேட்டபோது, நெற்பயிர் அழுகுமுன் வெட்ட வேண்டும் என்றார். வாவியில் தோணி ஓட்டும் அயலவர் ஒருவர், வாய் திறந்தால் உப்பு நீர் எவ்வளவு தூரம் ஏறும், இறால் குஞ்சுகள் எவ்வழியாக உள்ளே வரும், காலம் தப்பி வெட்டினால் மீன்பாடு எப்படி மாறும் என்று நெடுநேரம் விளக்கினார். ஒரே மணல்மேடு வயற்காரருக்கு ஒன்றாகவும் மீனவருக்கு வேறொன்றாகவும் இருப்பதை அவள் புரிந்துகொண்டாள். அதிலிருந்து மழைவீழ்ச்சியை அளக்கத் தொடங்கினாள். வெட்டிய போத்தலில் கோடுகள் இட்டு முற்றத்தில் வைத்தாள். அளந்ததை மில்லிமீற்றரில் எழுதி, மாதங்களை ஒப்பிட வேண்டி வந்தபோது சராசரி காண்பதைத் தானே கேட்டுக் கற்றாள். நிலப்படம் வரைந்தாள். அரசாங்கத்தில் எந்த அலுவலகம் எதைத் தீர்மானிக்கிறது என்பதையும் விசாரித்தாள்.

புவியியலும் கணிதமும் குடியியலும் இதில் இருக்கின்றன என்று இன்று என்னால் பிரித்துச் சொல்ல முடிகிறது. நடக்கும்போது அவை பிரிந்து தெரியாது. பெற்றோர் ஒரு கொப்பி வைத்து, பிள்ளை கேட்ட கேள்விகளையும் அதற்காகத் தேடிச் சென்ற மனிதர்களையும் இடங்களையும் இரவில் சில வரிகளில் எழுதி வர வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். பிள்ளைக்குக் காட்டி மதிப்பெண் இடுவதற்காக அதை எழுதக்கூடாது. அலுவலகத்தில் யாராவது கேட்டால் காட்டுவதற்கு அது பயன்படும். அதைவிட முக்கியமாக, "ஒன்றுமே நடக்கவில்லை" என்று மனம் சோர்கின்ற வாரங்களில் முந்திய பக்கங்களைப் புரட்டிப் பார்க்க ஏதுவாக இருக்கும். மனவுறுதி என்பது நினைத்தவுடன் வருவதன்று. கண்ணால் கண்டதை எழுதி எழுதிச் சேர்த்தே எங்களுக்கு அது வந்தது.

முகத்துவாரத்தைப் பற்றி அவளுக்குக் கற்பித்தவர்களை எண்ணிப் பார்த்தால், அவர்களுள் ஒருவரும் ஆசிரியர் இல்லை. எங்கள் மண்ணில் இது புதிதும் இல்லை. படுவான்கரைக் கிராமங்களில் கூத்துப் பழகும் காலத்தில் போய்ப் பார்க்கும்படி புதிய பெற்றோரிடம் சொல்வேன். கூத்தின் இரு வகைகளான வடமோடியோ தென்மோடியோ, கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் அவரவர் பாட்டு எழுதிய ஏடான சட்டத்தைக் கொடுத்த நாள் முதல், ஒவ்வொருவரும் தமக்குரிய பாத்திரத்தின் பாட்டையும் ஆட்டத்தையும் இரவு இரவாக ஆடுகளமான களரியில் பழகுகிறார்கள். பகலில் வயலில் நின்றவர் இரவில் அரசனாக வருவார். பிழை விட்டால் எல்லோர் முன்னிலையிலும் திருத்தப்படுகிறார். அதனால் யாரும் அவமானப்படுவதில்லை, ஏனெனில் அங்கு எல்லோரும் பிழை விட்டுப் பழகியவர்கள்தாம். களரியின் ஓரத்தில் சின்னஞ்சிறுசுகள் தாளக்கட்டுக்குக் காலை மிதித்துக்கொண்டிருப்பார்கள். அவர்களை யாரும் சேர்த்துக்கொள்ளவும் இல்லை, துரத்தவும் இல்லை. சதங்கை அணிந்து, அரங்கேற்றம் முடிந்து, விடிய விடிய ஊரே இருந்து பார்க்கும் அந்த இரவுக்கு முன்னால், கற்றவனுக்கும் கற்பித்தவருக்கும் வேறு சான்றிதழ் வேண்டியிருப்பதில்லை. வயது பிரிக்கப்படாத கூட்டம், பார்த்துப் பழகும் சிறுவர், தமக்குத் தெரிந்ததை மறைக்காத பெரியவர்கள், கற்றதை ஏற்றுக்கொள்ள ஓர் ஊர் ஆகிய எல்லாம் அங்கே இருக்கின்றன.

மட்டக்களப்பு நகரில் 1996 இல் தொடங்கப்பட்ட வண்ணத்துப்பூச்சிப் பூங்காவையும் இங்கே நினைவுகூர வேண்டும். போரால் பாதிக்கப்பட்ட தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் அங்கே ஒன்றாகக் களிமண் பிசைந்தார்கள், ஓவியம் தீட்டினார்கள், கதை சொன்னார்கள். அந்த முயற்சியில் முன்னின்றவர்களுள் ஒருவரான இயேசுசபைத் துறவி போல் சற்குணநாயகம் அவர்களை மட்டக்களப்பார் நன்கு அறிவர். மிகக் கடினமான காலத்தில், பிள்ளைகளின் கையிலும் கற்பனையிலும் நம்பிக்கை வைத்துப் பெரியவர்கள் அருகில் நின்ற இடம் அது. பிள்ளையின் விளையாட்டை மதிப்பது வெளிநாட்டிலிருந்து வந்த புதுமோகம் என்று யாராவது சொன்னால், எங்கள் ஊரிலேயே அதற்கு ஒரு வரலாறு உண்டு என்று சொல்லுங்கள்.

ஆனால், கூத்துக்களரியும் தோணிக்காரரும் பெற்றோரின் தனிமையைப் போக்கிவிட மாட்டார்கள். அதற்கு, இதே வழியில் நடக்கும் வேறு குடும்பங்கள் வேண்டும். எங்கள் கூட்டம் மிகச் சிறியது. கல்லடி, ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி ஆகிய இடங்களிலிருந்தும், கல்முனைக்கு அப்பாலிருந்தும் சில குடும்பங்கள் வருகின்றன. மருதமுனையிலிருந்து வருகின்ற முஸ்லிம் குடும்பம் ஒன்று எங்களைத் தங்கள் உறவினரின் தறிக்கு அழைத்துச் சென்றபோது, பாவு நூல்களை எண்ணிப் பிரிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகள், சேலையின் கரைக்கு எத்தனை நூல் வேண்டும் என்ற கணக்கில் மாலை வரை மூழ்கியிருந்தார்கள். அம்பாறைக் கரையோரமும் மட்டக்களப்பும் ஒரே பேருந்துப் பாதையில் இருந்தும், எங்கள் தலைமுறை எத்தனையோ ஆண்டுகள் ஒருவர் ஊருக்குள் மற்றவர் அஞ்சி அஞ்சியே போய் வந்தது. பிள்ளைகளுக்காகச் சேர்ந்த கூட்டம் அந்தப் பயத்தையும் சற்றுத் தணித்திருப்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

கூட்டத்தை நடத்துவதில் நாங்கள் கண்ட சிலவற்றைச் சொல்கிறேன். நாளையும் இடத்தையும் மாற்றாமல் வைத்திருப்பதே எல்லாவற்றிலும் முக்கியமானது. எத்தனை பேர் வந்தாலும், ஒரே ஒரு குடும்பம் வந்தாலும், அந்த நாளில் அந்த இடத்தில் யாரேனும் இருப்பார்கள் என்ற உறுதிதான் சோர்ந்து போன ஒரு தாயைப் பேருந்தில் ஏற வைக்கிறது. வட்ஸ்அப் குழு செய்தி சொல்லப் போதும், ஆனால் அழுகையை அது தாங்காது. பிள்ளைகளை ஒருவரோடொருவர் ஒப்பிட்டுப் பேசுவதில்லை என்று தொடக்கத்திலேயே உடன்பட்டுக்கொண்டோம். "உங்கட மகன் வாசிக்கத் தொடங்கிட்டானா?" என்ற சாதாரணக் கேள்வி, இன்னும் வாசிக்காத பிள்ளையின் தாயை ஒரு மாதம் தூங்கவிடாது. கேட்காத அறிவுரையும் கொடுப்பதில்லை. பிள்ளைகளுக்கென்று நிகழ்ச்சிநிரல் இல்லை. பெரியவர்கள் ஏதேனும் ஒரு வேலையைக் கையில் கொண்டு வருவோம், வலை திருத்துவதோ, உடுப்புத் தைப்பதோ, வானொலி பழுது பார்ப்பதோ. விரும்பும் பிள்ளை வந்து அருகில் உட்காரும். செலவு என்று தேநீரும் பேருந்துக் கட்டணமும்தான். அந்தக் கட்டணம்கூடப் பாரமாக இருக்கும் குடும்பத்துக்கு, கூட்டம் அவர்கள் ஊருக்குப் போகிறது.

தந்தையர் வர வேண்டும் என்பதில் நாங்கள் கண்டிப்பாக இருக்கிறோம். முன்பு சொன்ன மூவரின் கதை என் மனத்தை விட்டு அகலவில்லை. பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்புவதில்லை என்ற முடிவைத் தந்தை எடுக்க, அதன் நாளாந்தப் பாரம் முழுவதும் தாயின் தலையில் விழுந்தால் அது நீடிக்காது. நீடித்தால் தாய் நோயாளியாவாள். தாய் வேலைக்குப் போக விரும்புகிறாளா, அவளுக்கென்று சில மணித்தியாலங்கள் இருக்கின்றனவா என்று நாங்கள் வெளிப்படையாகவே கேட்கிறோம். விடை தெளிவில்லாதபோது இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லத் தயங்குவதில்லை. பெற்றோர் இருவரும் கூலிவேலைக்குப் போய், பிள்ளை பகல் முழுவதும் தனியே இருக்க நேரிடும் குடும்பத்துக்கும் பாடசாலையே பாதுகாப்பானது.

பரீட்சையைப் பற்றிய பயத்துக்குப் பதில் இருக்கிறது. க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்குத் தனியார் பரீட்சார்த்தியாகவும் தோற்றலாம். லண்டன் பரீட்சைகளும் இந்நாட்டில் நடைபெறுகின்றன. என்.வி.கியூ. எனப்படும் தேசிய தொழிற்தகைமை 1 முதல் 7 வரையான மட்டங்களைக் கொண்டது. தொழிலை வேலை செய்தே பழகியவர்களின் திறனை மதிப்பிட்டுத் தகைமை வழங்கும் ஏற்பாடும் அதில் உண்டு. அம்பாறை மாவட்டத்துக் காரைதீவில் 1892 இல் பிறந்த சுவாமி விபுலாநந்தர், 1920 இல் லண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டத்தைப் பெற்றதும் வெளிவாரியாகத்தான். அவர் பாடசாலைகளைக் கட்டி எழுப்பியவர் என்பதால் அவரை எங்கள் பக்கத்துச் சாட்சியாக இழுக்க மாட்டேன். தானே படித்துப் பரீட்சையை எதிர்கொள்வது எங்கள் மண்ணுக்கு அந்நியமானதன்று என்பதற்கே அவரைச் சொன்னேன். எந்தப் பரீட்சையை எப்போது எழுதுவது என்பதை, அதன் தேவை பிள்ளைக்கே விளங்கும் வயதில் அதனோடு இருந்து பேசித் தீர்மானிக்கலாம். அவ்வளவு காலத்துக்கு முன்னரே அதை நினைத்து ஏழு வயதுப் பிள்ளையைப் பயமுறுத்த வேண்டியதில்லை.

துணை என்பது உடன்படுபவர்களிடமிருந்து மட்டுமே வரும் என்றும் நினைக்க வேண்டாம். என் மாமி இன்றுவரை இதை ஏற்கவில்லை. "புள்ள, நாளைக்கு அவள் எங்களத்தான் கேப்பாள், ஏன் என்னைப் படிக்க வைக்கல்ல எண்டு" என்று என்னிடம் நேரடியாகவே சொல்வார். சொல்லிவிட்டு, மகளை அருகில் இருத்திப் பன்பாய் பின்னக் கற்றுக்கொடுப்பார். சாயம் காய்ச்சும் முறையையும், வெள்ளப்பெருக்குக் காலத்துக் கதைகளையும், இன்று யாரும் பாடாத தாலாட்டுகளையும் சொல்லிக்கொடுப்பார். அவருடைய கேள்வி நியாயமான கேள்வி. மகள் நாளை அப்படிக் கேட்டால், நாங்கள் அவளிடமே கேட்டுத்தான் ஒவ்வோர் ஆண்டும் முடிவெடுத்தோம் என்று சொல்லக்கூடிய நிலையில் இருக்க வேண்டும் என்பதை எனக்கு மறக்கவிடாமல் வைத்திருப்பவர் அவர்தான். ஆண்டு தொடங்குமுன் மகளிடம் பாடசாலைக்குப் போக விருப்பமா என்று நாங்கள் உண்மையாகவே கேட்கிறோம். எந்தப் பதிலுக்கும் ஆயத்தமாக இருந்துகொண்டே கேட்கிறோம். மாமியும் அந்தப் பேச்சில் இருப்பார்.

மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ இதைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கும் பெற்றோர் யாராக இருந்தாலும், முடிவெடுத்த பின்னர்தான் பிறரோடு பேச வேண்டும் என்று காத்திருக்க வேண்டாம். பாடசாலை விடுமுறையில் உங்கள் பிள்ளைகளோடு எங்களைப் போன்ற ஒரு கூட்டத்தில் சில நாள்கள் இருந்து பாருங்கள். அத்தகைய கூட்டம் அருகில் இல்லையெனில், ரியூசனால் களைத்துப்போன பிள்ளைகளைக் கண்டு கவலைப்படும் இரண்டு குடும்பங்களை உங்கள் ஒழுங்கையிலேயே தேடுங்கள், நிச்சயம் இருப்பார்கள். வாரத்தில் ஒரு மாலையைப் பிள்ளைகளுக்கு முழுமையாக விட்டுக்கொடுப்பதிலிருந்து தொடங்கலாம். அதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை, பாடசாலையை விடவும் வேண்டியதில்லை. பிள்ளையின் அப்பாவையும், முடிந்தால் உங்களோடு உடன்படாத ஒரு மாமியையும் கூட்டிக்கொண்டு போங்கள்.